பாக்கெட்டின் வகையை யார் பார்த்துச் சொல்கிறார்கள்? நிஜ நெட்வொர்க் கார்டும் மெய்நிகர் கார்டும்

நிஜ சர்வரில் அருமையாக ஓடிய ஒரு நெட்வொர்க் நிரலை அப்படியே கிளவுட் விஎம்மில் (மென்பொருளால் ஆன மெய்நிகர் இயந்திரத்தில்) ஏற்றுகிறீர்கள். பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவின் சிறு பொட்டலம், வருகிறது. வந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் ஒன்றுகூட வெளியே போவதில்லை. பிழைச் செய்தியும் கிடையாது. ஃபயர்வாலைப் பார்க்கிறோம், ரூட்டிங்கைப் பார்க்கிறோம், கேபிளே இல்லாத இடத்தில் கேபிளைக்கூடச் சந்தேகப்படுகிறோம். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் பக்கம் டேட்டா சென்டர் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த அனுபவம் சீக்கிரமே வந்துவிடும். இங்கே நிஜ சர்வரும் கிளவுடும் கலந்த அமைப்புகள்தான் அதிகம். விஎம்களை வாடகைக்குத் தரும் அமேசானின் ஈசி2 சேவையையே 2000களின் நடுவில் கேப் டவுனில் இருந்த ஒரு சிறிய குழுதான் உருவாக்கியது. 2006இல் அது உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. மெய்நிகர் இயந்திரம் என்பது இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை.

மதுரையிலிருந்து வந்து மிட்ராண்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு, "அண்ணா, இந்த விஎம்மில் இருக்கிற கார்டு பொய் சொல்லுதா?" என்று கேட்டான். "பொய் சொல்லவில்லை தம்பி. அது எதையுமே சொல்லவில்லை. நீதான் அது சொல்லும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாய்" என்றேன். இந்தக் கட்டுரையின் விஷயம் அதுதான். "இது என்ன பாக்கெட்?" என்ற கேள்விக்கு நிஜக் கார்டு பதில் எழுதித் தருகிறது. மெய்நிகர் கார்டு பெரும்பாலும் அந்த இடத்தைக் காலியாக விடுகிறது. காலியிடத்தை "இல்லை" என்று படித்துவிட்டால் நிரல் கெடும்.

முதலில் ஒரு பாக்கெட்டைக் கிட்டத்தில் பார்ப்போம்

பாக்கெட்டின் வகை என்று நாம் சொல்வது அதன் மேல் ஓரிடத்தில் மொத்தமாக எழுதியிருக்காது. அடுக்கடுக்காக, ஒவ்வொரு ஹெடரிலும் (அந்த அடுக்கின் தலைப்பகுதியிலும்) அடுத்த அடுக்கு என்ன என்று மட்டும் ஒரு குறிப்பு இருக்கும். ஒரு டிஎன்எஸ் கேள்வியை (ஒரு தளப் பெயருக்கான ஐபி முகவரியைக் கேட்பதை) சுமந்து வரும் சாதாரண பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பைட்டுகளை 0 முதல் எண்ணுவோம். 0 முதல் 5 வரை போய்ச்சேர வேண்டிய மேக் முகவரி, அதாவது கார்டின் அடையாள எண். 6 முதல் 11 வரை அனுப்பியவரின் மேக் முகவரி. 12, 13 ஆகிய இரண்டு பைட்டிலும் 08 00 என்று இருக்கும். இதைத்தான் ஈதர்டைப் என்கிறோம். 08 00 என்றால் உள்ளே இருப்பது ஐபிவி4. அங்கே 08 06 இருந்தால் ஏஆர்பி, அதாவது ஓர் ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் பாக்கெட்.

14ஆம் பைட்டில் 45 இருக்கும். முதல் பாதியில் உள்ள 4 ஐபி பதிப்பு. இரண்டாம் பாதியில் உள்ள 5 ஹெடரின் நீளம். ஐந்து நான்குகள், அதாவது 20 பைட். அப்புறம் 23ஆம் பைட்டுக்குப் போங்கள். அங்கே 11 என்று இருக்கும். இது பதினாறடிமான எண், ஆகவே நம் கணக்கில் 17. 17 என்றால் யூடிபி. 06 என்று இருந்திருந்தால் டிசிபி. இரண்டும் ஐபிக்கு மேல் தரவைக் கொண்டுசேர்க்கும் முறைகள். கடைசியாக 36, 37ஆம் பைட்டுகளில் 00 35, அதாவது 53. டிஎன்எஸ்ஸின் போர்ட் எண். இவ்வளவையும் படித்த பிறகுதான் "இது ஈதர்நெட், ஐபிவி4, யூடிபி" என்று சொல்ல முடியும்.

இப்போது இதே பாக்கெட்டில் ஒரு விலேன் ஒட்டு (ஒரே நெட்வொர்க்கைப் பல பிரிவாக்கும் எண் சீட்டு) சேர்ந்துவிட்டால்? 12, 13இல் 08 00 இருந்த இடத்தில் 81 00 வந்து உட்காரும். 14, 15இல் விலேன் விவரம். விலேன் எண் 100 என்றால் 00 64. பழைய 08 00 இப்போது 16, 17க்குத் தள்ளப்படும். பின்னால் உள்ள அத்தனையும் நான்கு பைட் நகர்ந்துவிடும். 23ஆம் பைட்டைப் போய்ப் பார்த்தால் அங்கே யூடிபிக்கான எண் இருக்காது. வேறு ஏதோ இருக்கும். வகையைக் கண்டுபிடிப்பது என்பது குறிப்பிட்ட இடத்தில் ஒரு பைட்டைப் பார்ப்பதல்ல, ஒவ்வொரு குறிப்பாகப் பின்தொடர்ந்து போவது. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

நிஜக் கார்டு என்ன செய்கிறது?

இந்தப் பின்தொடரும் வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ வினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் அது சுமார் 200 சுழற்சி. நினைவகத்திலிருந்து ஒரு முறை தரவை இழுத்து வருவதற்கே இதில் பெரும்பங்கு போய்விடலாம். ஆகவே ஹெடரைப் படிக்கும் வேலையையே கார்டில் உள்ள சிப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பைட்டுகள் கம்பியிலிருந்து உள்ளே வரும்போதே சிப் அவற்றைப் படித்துக்கொண்டே போகிறது. பாக்கெட்டை நினைவகத்தில் வைக்கும்போது, அதனுடன் டிஸ்கிரிப்டர் என்ற சிறு குறிப்புப் பலகையிலும் எழுதிவிடுகிறது: நீளம் இவ்வளவு, செக்சம் (தரவு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரி, வகை இன்னது.

இன்டெலின் எக்ஸ்எல்710 குடும்பக் கார்டில் இந்த வகைக்கு 8 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். 256 வகை வரை எண்ணிட்டுச் சொல்லலாம். அதற்குப் பின் வந்த இ810இல் 10 பிட். "ஐபிவி4க்குள் ஒரு சுரங்கப்பாதை, அதற்குள் இன்னொரு ஈதர்நெட், அதற்குள் ஐபிவி6" என்பது போன்ற, பாக்கெட்டுக்குள் பாக்கெட் வைத்த வகைகளைக்கூட ஓர் எண்ணில் சொல்லிவிடும்.

டிரைவரின், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளின், வேலை இங்கே மிகவும் குறைவு. அந்த எண்ணை எடுத்து, ஓர் அட்டவணையில் பார்த்து, நிரலுக்குப் புரியும் பொதுவான குறியாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். வேகமான நெட்வொர்க் நிரல்கள் பயன்படுத்தும் டிபிடிகே நூலகத்தில் ஒவ்வொரு பாக்கெட்டுடனும் 32 பிட் கொண்ட வகைப் புலம் ஒன்று வரும். ஈதர்நெட் அடுக்குக்கு 4 பிட், ஐபி அடுக்குக்கு 4, டிசிபி யூடிபி அடுக்குக்கு 4, சுரங்கப்பாதைக்கு 4, உள்ளே இருக்கும் மூன்று அடுக்குகளுக்கும் நந்நான்கு. நிரல் பாக்கெட்டைத் தொடாமலே அந்தப் புலத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

மெய்நிகர் கார்டில் என்ன நடக்கிறது?

விஎம்மில் உள்ள கார்டு ஒரு சிப் அல்ல. அது விஎம்மும் அதைத் தாங்கும் ஹோஸ்டும் பகிர்ந்துகொள்ளும் ஒரு நினைவகப் பகுதி, அதோடு ஓர் ஒப்பந்தம். விர்ட்ஐஓ என்ற பரவலான ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 12 பைட் ஹெடர் ஒன்று வரும். அதில் கொடிகள், பெரிய பாக்கெட்டைத் துண்டாக்கும் முறை, ஹெடர் நீளம், துண்டின் அளவு, செக்சம் எங்கே தொடங்குகிறது, எங்கே எழுத வேண்டும், எத்தனை பஃபர் என்ற விவரங்கள் இருக்கும். "இது ஐபிவி4, இது யூடிபி" என்று எழுத அதில் இடமே இல்லை.

இதில் எனக்கு எப்போதும் வருத்தம் தரும் ஒரு விஷயம் உண்டு. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை ஹோஸ்டின் நிஜக் கார்டு ஏற்கெனவே படித்து, வகையைக் கண்டுபிடித்து எழுதியிருக்கும். ஆனால் அது ஹோஸ்டின் டிஸ்கிரிப்டரில் எழுதியது. விஎம்முக்குள் தள்ளும்போது அந்த விடையைச் சுமந்து போகப் புலம் இல்லாததால் அது வாசலிலேயே விழுந்துவிடுகிறது. செய்த வேலையையே விஎம்முக்குள் இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரே ஹோஸ்டில் உள்ள இரண்டு விஎம்கள் தமக்குள் பேசிக்கொண்டால் கதை இன்னும் வேறு. அந்தப் பாக்கெட் எந்தச் சிப்பையும் தொடுவதே இல்லை. டர்பன் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னரை வாயிலிலேயே பார்த்துச் சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிடங்குக்குள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகரும் பெட்டி அந்த வாயிலைத் தாண்டுவதே இல்லை, அதற்குச் சீட்டும் இல்லை. சீட்டு இல்லை என்பதால் பெட்டி காலி என்று ஆகிவிடாது. இப்படி உள்ளுக்குள் போகும் பாக்கெட்டில் செக்சம்கூட முழுதாகக் கணக்கிடப்பட்டிருக்காது. "இது இன்னும் முடிக்கப்படவில்லை" என்று ஒரு கொடி மட்டும் இருக்கும். பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்துவிட்டு "செக்சம் தவறு" என்று பதறுபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அப்படியானால் மெய்நிகர் கார்டே வகையைக் கண்டுபிடித்துத் தரக் கூடாதா? தரலாம். ஆனால் அதைச் செய்யப்போவது அதே ஹோஸ்டின் சிபியுதான். வேலை குறையாது, இடம் மட்டும் மாறும். வகையே தேவைப்படாத நிரலுக்கும் அந்தச் செலவு சேரும். இன்னொரு காரணமும் உண்டு, அது இதைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை ஒரு ஹோஸ்டிலிருந்து வேறொரு ஹோஸ்டுக்கு நகர்த்துவது கிளவுடில் சாதாரண வேலை. இரண்டு ஹோஸ்டிலும் ஒரே மாதிரிக் கார்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. கீழே எந்தக் கார்டு இருந்தாலும் மேலே ஒரே முகம் காட்ட வேண்டும் என்றால், மெய்நிகர் கார்டு குறைவாகத்தான் வாக்குக் கொடுக்க முடியும்.

எல்லா மெய்நிகர் கார்டும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடவும் கூடாது. விஎம்வேரின் விஎம்எக்ஸ்நெட்3 தன் டிஸ்கிரிப்டரில் ஐபிவி4, ஐபிவி6, டிசிபி, யூடிபி, துண்டான பாக்கெட் என்பவற்றுக்கு ஒவ்வொரு பிட் வைத்திருக்கிறது. கொஞ்சமாவது சொல்கிறது. 2022இல் வந்த விர்ட்ஐஓ 1.2 விவரக்குறிப்பிலும், பாக்கெட்டின் ஹாஷோடு (ஹெடரிலிருந்து கணக்கிடும் எண்ணோடு) எந்த வகைப் பாக்கெட்டுக்கு அந்த ஹாஷைக் கணக்கிட்டார்கள் என்பதையும் சொல்ல ஒரு விருப்பப் புலம் சேர்ந்திருக்கிறது. ஹோஸ்டும் விஎம்மும் இரண்டுமே ஒத்துக்கொண்டால்தான் அது கிடைக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு இருக்கிறது. மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விஎம் வைத்துப் பார்த்தால், கார்டின் பெயர் இன்டெல் என்று வரலாம். அது மென்பொருள் போடும் வேடம். இ1000 என்ற பழைய கார்டைப் போல நடிக்கிறது. அந்தக் கார்டின் பழைய டிஸ்கிரிப்டரில் செக்சம் பற்றிச் சில பிட்டுகள் உண்டு, பாக்கெட் வகைக்கு இடமில்லை. மாறாக எஸ்ஆர்-ஐஓவி வழியில் நிஜக் கார்டின் ஒரு பகுதியையே விஎம்முக்குக் கொடுத்திருந்தால், விஎம்முக்குள் இருந்தாலும் சிப் எழுதிய வகை அப்படியே கிடைக்கும். ஆகவே "விஎம்மா, நிஜ சர்வரா?" என்பதைவிட "இந்தப் பாக்கெட்டைச் சிப் பார்த்ததா, பார்த்த விடை என்னிடம் வந்து சேர்ந்ததா?" என்பதே சரியான கேள்வி.

லினக்ஸில் இது ஏன் தெரிவதில்லை?

சாதாரணமாக லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வழியாகப் போகும் நிரல்களுக்கு இந்தப் பிரச்சினை தலைகாட்டாது. காரணம் எளிது. கர்னல் இந்த விஷயத்தில் சிப்பை நம்பிக் காத்திருப்பதில்லை. டிரைவர் நிஜமோ மெய்நிகரோ, ஈதர்நெட் பாக்கெட் என்றால் கர்னலின் ஒரே பொதுச் செயற்கூறை அழைத்து, அந்த 12, 13ஆம் பைட்டுகளை மென்பொருளிலேயே படித்துக்கொள்கிறது. அதே செயற்கூறு முதல் ஆறு பைட்டையும் பார்த்து, இது நமக்கு வந்ததா, எல்லோருக்கும் போகும் அறிவிப்பா, ஒரு குழுவுக்கு வந்ததா, வேறொருவருக்கு வந்ததா என்றும் பிரிக்கிறது. கர்னல் பேச்சில் பாக்கெட் வகை என்றால் சில சமயம் இந்தப் பிரிவைத்தான் குறிக்கும்; டிபிடிகே படிப்பவர்கள் குழம்பிவிட வேண்டாம்.

விபிஎன்களில் வரும் டன் என்ற மெய்நிகர் கருவி மட்டும் இதில் தனி. அதில் ஈதர்நெட் ஹெடரே கிடையாது, நேரடியாக ஐபி பாக்கெட்தான். கூடுதல் தகவல் ஹெடர் வேண்டாம் என்று சொல்லித் திறந்திருந்தால், கர்னல் முதல் பைட்டின் முதல் பாதியைப் பார்க்கும். 4 என்றால் ஐபிவி4, 6 என்றால் ஐபிவி6. வேறு எது இருந்தாலும் பாக்கெட்டை ஏற்காது. இதன் ஜோடியான டாப் கருவியில் ஈதர்நெட் ஹெடர் இருப்பதால், வழக்கமான பாதையே.

வேகத்துக்காகக் கர்னலைத் தாண்டிப் போகும் டிபிடிகே போன்ற நிரல்களில்தான் இந்தச் சௌகரியம் போய்விடுகிறது. அங்கே டிரைவர் எழுதியதுதான் வகை, எழுதாவிட்டால் 0. அந்த 0க்கு "தெரியாது" என்று பொருள். நம் தம்பியின் நிரல் "ஐபிவி4 என்றால் அனுப்பு, இல்லாவிட்டால் தூக்கிப்போடு" என்று எழுதப்பட்டிருந்தது. 0 வந்த பாக்கெட் எல்லாமே "இல்லாவிட்டால்" பக்கம் போய் விழுந்தன. பிழைச் செய்தி எப்படி வரும்? நிரல் சொன்னதைத்தான் செய்தது.

சரி, என்ன செய்யலாம்?

நிரல் தொடங்கும்போதே டிரைவரிடம் கேட்டுவிட வேண்டும். உன்னால் எந்தெந்த வகைகளைச் சொல்ல முடியும் என்று கேட்க டிபிடிகேயில் ஒரு செயற்கூறு இருக்கிறது. அது ஒரு பட்டியலைத் திருப்பித் தரும். நமக்கு வேண்டியது பட்டியலில் இல்லை என்றால், ஹெடரை மென்பொருளில் படிக்கும் பாதைக்கு மாறிக்கொள்ள வேண்டும். டிபிடிகேயுடன் வரும் எல்3எஃப்டபிள்யூடி மாதிரி நிரல் இதை அழகாகச் செய்கிறது. வகை சொல்லத் தெரியாத போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது கார்டின் இணைப்பு வாயில்) ஓட்டினால், "இந்தப் போர்ட்டால் பாக்கெட் வகையைக் கண்டுபிடிக்க முடியாது, பார்ஸ்-பிடைப் விருப்பத்தைச் சேர்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும். சேர்த்தால், பாக்கெட் கைக்கு வரும் இடத்திலேயே ஒரு சிறு செயற்கூறு ஹெடரைப் படித்து வகைப் புலத்தை நிரப்பிவிடும். மீதி நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை. புதிதாக எழுதுபவர்கள் இந்த அமைப்பையே பின்பற்றலாம் என்பது என் பரிந்துரை.

வகையை ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. டிபிடிகேயில் ஐபிவி4க்கு மூன்று குறிகள். பதினாறடிமானத்தில் 10 என்றால் 20 பைட் ஹெடர் மட்டும் உள்ள ஐபிவி4. 30 என்றால் ஹெடரில் கூடுதல் விருப்பங்கள் உள்ள ஐபிவி4. 90 என்றால் ஐபிவி4 என்று தெரியும், விருப்பங்கள் உண்டா என்று தெரியாது. ஒரு கார்டு 10 என்று சொல்வதை இன்னொரு கார்டு 90 என்று சொல்லலாம், இரண்டுமே சரி. "10க்குச் சமமா?" என்று கேட்டு எழுதிய நிரல் இரண்டாவது கார்டில் எல்லாவற்றையும் தவறவிடும். மூன்றையும் இருமத்தில் எழுதிப் பாருங்கள். 10க்கான பிட் மூன்றிலும் இருக்கிறது. அந்த ஒரு பிட்டை மட்டும் சோதித்தால் போதும். இந்தச் சிக்கல் நிஜக் கார்டுகளுக்கு இடையிலேயே வருவது, மெய்நிகர் கார்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஹெடரைப் படிக்கும் நிரலை நீங்களே எழுதுவதானால் விலேன் ஒட்டை மறக்காதீர்கள். நிஜக் கார்டுகள் பல, கேட்டால் ஒட்டைக் கழற்றி டிஸ்கிரிப்டரில் வைத்துவிடும்; பாக்கெட்டில் 08 00 அதன் வழக்கமான இடத்துக்குத் திரும்பிவிடும். மெய்நிகர் பாதையில் ஒட்டு பாக்கெட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம். சோதனை மேசையில் சரியாக ஓடி, கிளவுடில் விலேன் போட்டவுடன் உடையும் நிரல்களில் இது அடிக்கடி வரும் காரணம். துண்டான ஐபி பாக்கெட்டிலும் கவனம் வேண்டும். இரண்டாவது துண்டிலும் அதற்குப் பின் வருபவற்றிலும் யூடிபி ஹெடரே இருக்காது. ஆனால் ஐபி ஹெடரில் 17 என்று இருக்கும். அதை நம்பி 36, 37ஆம் பைட்டுகளைப் போர்ட் எண் என்று படித்தால், யாரோ அனுப்பிய தரவின் நடுப்பகுதியைப் போர்ட் என்று எடுத்துக்கொள்வோம். ஃபயர்வால் எழுதுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 முதல் ஜோகன்னஸ்பர்க்கிலும் அதன் டேட்டா சென்டர் இருப்பதால் நம்மவர்கள் பலர் அதைத் தொடுகிறார்கள். அங்கே வேகப்படுத்திய நெட்வொர்க்கிங்கை இயக்கினால் ஒரே விஎம்முக்கு இரண்டு பாதை உண்டு: நிஜக் கார்டின் ஒரு பகுதி, அதோடு மெய்நிகர்க் கார்டு. பெரும்பாலான பாக்கெட் முதல் பாதையில் வரும், சில இரண்டாவதில் வரும். ஹோஸ்டில் பராமரிப்பு வேலை நடக்கும்போது முதல் பாதையைக் கொஞ்ச நேரம் எடுத்தே விடுவார்கள், எல்லாம் இரண்டாவதற்கு மாறும். முதல் பாதையின் டிரைவரை மட்டும் நேராகப் பிடித்து எழுதிய நிரலுக்குச் சில பாக்கெட் வந்தே சேராது. இரண்டையும் சேர்த்துக் கையாளும் டிரைவரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக, இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. டிபிடிகேயுடன் வரும் டெஸ்ட்பிஎம்டி நிரலைப் பாக்கெட்டை வாங்க மட்டும் செய்யும் முறையில் ஓட்டி, விரிவான வெளியீட்டை இயக்குங்கள். வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இரண்டு வகைகளை அருகருகே அச்சிடும். முதலாவது டிரைவர் கொடுத்தது. இரண்டாவது, அந்த நிரலே ஹெடரைப் படித்துக் கண்டுபிடித்தது. நிஜக் கார்டில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். விஎம்மில் முதலாவது "தெரியாது" என்று வந்து இரண்டாவது முழுதாக வரலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முதலாவதின் பெயரில் வன்பொருள் என்ற குறி இருந்தாலும், அது டிரைவர் நிரப்பிய புலம்தான். சில மெய்நிகர் டிரைவர்கள் தாமே மென்பொருளில் படித்து அதை நிரப்பிவிடும். வகை சரியாகவே வந்திருக்கும், ஆனால் சிபியு செலவு உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். வேகத்தை அளக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.